அரன் தீவுக்குப் போன ஜி.எஸ்.எம். அக்கா

'கூடாது' என்ற சொல் தமிழில் இருப்பதே தெரியாமல் ஐம்பத்திரண்டு வயது வரை வாழ்ந்த ஒரே ஒரு ஆளை எனக்குத் தெரியும். திருப்பூர் மண்ணரையில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அவர் செக்கிங் டேபிள் தலைவி. முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் ஜி.எஸ்.எம். அக்கா.

ஜி.எஸ்.எம். என்பது துணியின் கனம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. அதைக் கண்டுபிடிக்கத் துணியை வட்டமாக வெட்டித் தராசில் வைக்க வேண்டும். அக்காவுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். துணியை ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு "நூத்தியெழுவது" என்பார். தராசில் நூற்றி எழுபது காட்டும். ஒரே ஒரு முறை நூற்றி எழுபத்திரண்டு காட்டியது. தராசை ரிப்பேருக்கு அனுப்பினார்கள்.

அந்த விரல்கள் கம்பெனி கேட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கல்யாண மேடையில் மொய்க் கவரை நீட்டிக்கொண்டே மாப்பிள்ளையின் சட்டையைக் கிள்ளி, "பாதி பாலியஸ்டருங்க, கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்று பெண் வீட்டார் காதுபடச் சொல்வார். ஹெல்மெட் போடாததற்காக அவரை நிறுத்திய போக்குவரத்துப் போலீஸ்காரரின் காக்கிச் சட்டைக் கையைக் கிள்ளிப் பார்த்து, "இதப் போட்டுட்டு இந்த வெயில்ல நிக்கறீங்களே சாமி, வேர்க்குரு வராதுங்களா?" என்றார். அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. இனிமே ஹெல்மெட் போடுங்கம்மா என்று கும்பிடு போட்டு அனுப்பினார்.

சொந்த ஊர் குன்னத்தூர். விவசாயக் குடும்பம். கல்யாணமான எட்டாம் மாதம், "இந்த ஊடு எனக்கு ஆவாதுங்க" என்று மாமியாரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறி வந்தவர். யார் யாரோ சமாதானம் பேசினார்கள். அக்கா எல்லோருக்கும் காப்பி கொடுத்து அனுப்பினாரே தவிர, திரும்பிப் போகவில்லை. திருப்பூருக்கு வந்து பனியனுக்குப் பிசிறு வெட்ட உட்கார்ந்தவர்தான்.

எங்கள் குடும்பம் கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தது. வீட்டுக்கு மூத்த பெண்ணான நான் அந்தக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர்கள் கேட்பதைத் தையல்காரர்களுக்கும், தையல்காரர்கள் திட்டுவதை நாசூக்காக வெளிநாட்டுக்காரர்களுக்கும் மொழிபெயர்ப்பது என் வேலை. செல்போனில் கேமரா வந்திருந்த புதுசு அது. ஒருநாள் அக்கா ஒரு டி-ஷர்ட்டைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"ஏங்கண்ணு, இதுல என்ன எழுதியிருக்குது? ஆறு வருசமா செக் பண்றேன், ஒருத்தரையும் கேட்டதில்ல."

நெஞ்சில் ஒரு கல் கோட்டை, ஒரு செம்மறியாடு, கீழே ஒரு வரி. "அரன் தீவுக்குப் போய் வந்தேன்னு போட்டிருக்குக்கா. அயர்லாந்துல கால்வேன்னு கடலோரமா ஒரு ஊரு. அங்கேர்ந்து படகுல போற தீவு. டூரிஸ்ட்டுகளுக்கு விக்கதுக்கு நம்மகிட்ட ஆர்டர் குடுக்காங்க."

அக்கா டி-ஷர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ லட்சம் பேத்துக்குப் போய் வந்தேன்னு நான் பாஸ் பண்ணி விட்டிருக்கறேன். பண்ணுனவ இன்னும் போவல."

"ஆமாக்கா" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டார்.

செய்தி கம்பெனி முழுக்கப் பரவியது. அவருக்குப் பைத்தியம் என்று கட்டிங் செக்ஷன் சொன்னது. பேக்கிங் செக்ஷனோ அங்கே ரகசியமாக ஒரு மகன் இருப்பதாகக் கண்டுபிடித்தது. முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏனுங்க்கா, அங்க வேலைக்கா போறீங்க?"

"இல்லீங்க."

"சொந்தக்காரங்க இருக்கறாங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் எதுக்குங்க?"

"ஊரு பாக்கங்க."

முதலாளிக்கு அது ஒரு பதிலாகவே தோன்றவில்லை. "பழனிக்குப் போயிட்டு வாங்க. மூணு நாள் லீவு தர்றனுங்க" என்றார்.

"பழனிக்கு எட்டு தடவ போயாச்சுங்க மொதலாளி. முருகனுக்கே என்னயப் பாத்து அலுத்துப் போயிருக்கும்."

குன்னத்தூரிலிருந்து தம்பி வந்தார். கேட்டுக்கு வெளியே நிறுத்தி ஒரு மணி நேரம் கத்தினார். "வயசான காலத்துல சீமைக்குப் போறயே, ஊரு என்ன பேசும்?" என்றார். "பேசட்டும் சாமி. அப்போ நாந்தான் ஊர்ல இருக்க மாட்டேனே" என்று சொல்லி அக்கா உள்ளே போய்விட்டார்.

விசா கிடைக்கவில்லை. திரும்பி வருவார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம். மேல்முறையீடு செய்யலாம் என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. அக்கா சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன்: "ஐயா, நான் உங்கூர்லயே இருந்துக்குவேன்னு சந்தேகப்படறீங்க. எங்கூர்ல வருசத்துல முன்னூறு நாள் வெயிலு. உங்கூர்ல முன்னூறு நாள் மழைன்னு இந்தப் புள்ள சொல்லுது. துணி காயாத ஊர்ல எவளாச்சும் குடியிருப்பாளா? நீங்களே யோசிச்சுப் பாருங்க."

இதை அனுப்ப வேண்டாம் என்று கெஞ்சினேன். அனுப்பினார். விசா வந்தது.

சீசன் ஆர்டர் பேச கம்பெனி என்னைக் கால்வேக்கு அனுப்புவதாக இருந்தது. அக்கா தன் சேமிப்பில் டிக்கெட் எடுத்து என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கிழமைகளின் பெயர்கள் போக, அவருக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் செக்கிங் டேபிளில் கற்றது: ஓகே, ரிஜெக்ட், ஆல்ட்ரேஷன், அர்ஜென்ட், ஷிப்மென்ட். இந்த ஐந்து சொற்களை வைத்துக்கொண்டு ஒரு நாட்டையே சுற்றி வரலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

டப்ளின் விமான நிலையத்தில் அதிகாரி என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டார். ஊர் பார்க்க என்று நான் மொழிபெயர்த்தேன். இங்கே யாரையாவது தெரியுமா என்றார். "இனிமேத்தானுங்க தெரிஞ்சுக்கோணும்" என்றார் அக்கா. எப்போது திரும்பிப் போவீர்கள் என்று கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவே தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "சாட்டர்டே ஷிப்மென்ட்" என்றார். அந்த அதிகாரி முத்திரை குத்திய சத்தம் அடுத்த வரிசைக்கும் கேட்டிருக்கும்.

அங்கிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். கால்வே சின்ன ஊர். நடுவில் ஓர் ஆறு, ஏதோ ரயிலைப் பிடிக்கப் போவதுபோல் கடலுக்கு ஓடுகிறது. அது கடலில் சேருகிற இடத்தில் அன்னப் பறவைகள் கூட்டமாக மிதக்கின்றன. கடைத்தெருவில் பத்தடிக்கு ஒருவர் நின்று வயலின் வாசிக்கிறார். மழை மேலிருந்து மட்டும் பெய்யாது, பக்கவாட்டிலும் பெய்யும். நாங்கள் விரித்த குடை இரண்டே நிமிஷத்தில் கிண்ணமானது. "ரிஜெக்ட்" என்று குப்பைத் தொட்டியில் போட்டார் அக்கா.

எங்களிடம் இருந்தது மூன்றே நாள். முதல் நாள் காலை தீவுக்குப் படகு இல்லை என்றார்கள். காற்று. இரண்டாம் நாளும் இல்லை. காற்றேதான். நான் அறையில் போர்வைக்குள் கிடக்கலாம் என்று பார்த்தேன். அக்கா விடவில்லை. சேலைக்கு உள்ளே என் ஜீன்ஸ், சேலைக்கு மேலே கம்பெனியில் கழித்துப் போட்ட தொப்பி வைத்த ஜாக்கெட், காலில் கேன்வாஸ் ஷூ. இந்தக் கோலத்தில் ஊரை அளந்தார்.

கடைத்தெருவில் ஒரு நினைவுப்பொருள் கடை. உள்ளே போனதும் அக்கா அப்படியே நின்றுவிட்டார். சுவர் முழுக்க எங்கள் டி-ஷர்ட். ஒன்றை எடுத்து உள்புறம் திருப்பினார். கைப்பகுதித் தையலில் ஒரு நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. கைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்து அதை வெட்டினார். அடுத்ததை எடுத்தார். பிறகு சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரப் பெண் பயந்து ஓடிவந்தாள். இதையெல்லாம் பார்த்து அனுப்பியது இவர்தான் என்று நான் விளக்கினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு உள்ளே போய் ஒரு ஸ்டூலும் ஒரு கோப்பை தேநீரும் கொண்டுவந்து வைத்தாள்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓர் அமெரிக்கப் பெண்மணி ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக்கொண்டு பணம் கட்டப் போனார். அக்கா எழுந்தார்.

"கண்ணு, இந்தம்மா தீவுக்குப் போயிட்டு வந்தாங்களான்னு கேளு."

கேட்டேன். படகு இல்லாததால் போகவில்லை, மாலையில் கிளம்புகிறேன் என்றார் அந்தப் பெண்மணி.

"அப்போ போய் வந்தேன்னு எப்படிங்க போட்டுக்கலாம்? பொய்யில்லீங்களா? போயிட்டு வந்து வாங்கிக்கங்க" என்று அவர் கையிலிருந்த டி-ஷர்ட்டை மெதுவாக வாங்கி, மடித்து, அலமாரியில் வைத்துவிட்டார். நான் மொழிபெயர்க்கவே தேவையிருக்கவில்லை. அந்தப் பெண்மணி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ கணவருக்குப் போன் போட்டு, டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போடச் சொன்னார்.

மாலையில் சால்ட்ஹில் என்ற கடற்கரை நடைபாதைக்குப் போனோம். அங்கே ஒரு வழக்கம். நடைபாதையின் கோடி வரை நடந்து, அங்கிருக்கும் சுவரைக் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். எல்லோரும் உதைத்தார்கள். ஒரு வயதானவரிடம் காரணம் கேட்டேன். யாருக்கும் தெரியாது, எங்கள் அப்பாவும் உதைத்தார் என்றார்.

"செவுரு என்னங்க பாவம் பண்ணுச்சு? எல்லாரும் ஒதைக்கறாங்கன்னு நானும் ஒதைக்கோணுங்களா?" என்ற அக்கா, சுவரைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வயதானவர் தன் நாயின் கயிற்றை மறு கைக்கு மாற்றினார். பிறகு அவரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருடைய நாய்க்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

அன்று இரவு இரண்டு செய்திகள் வந்தன. நாளை படகு உண்டு என்பது ஒன்று. எங்கள் கம்பெனியிடம் துணி வாங்கும் மேனேஜர், பேச்சுவார்த்தையை நாளை காலை பத்து மணிக்கு மாற்றியிருக்கிறார் என்பது மற்றொன்று. படகுத்துறைக்குப் போகும் பஸ்ஸும் கிட்டத்தட்ட அதே நேரம். அதற்கு அடுத்த நாள் இரவு டப்ளினிலிருந்து எங்களுக்கு விமானம்.

"நீ மீட்டிங்குக்குப் போ கண்ணு. வேல முக்கியம். எனக்கு ஒரு சீட்டு மட்டும் எழுதிக் குடு" என்றார் அக்கா. எழுதினேன்: 'நான் தீவுக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். என்னை வேறு எங்கும் கொண்டுபோய் விட வேண்டாம்.' அதை அடையாள அட்டை மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டு காலையில் கிளம்பினார்.

நான் மீட்டிங் உடையில், சாம்பிள் பையோடு பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். அக்கா ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, எனக்குக் கை காட்டக்கூட மறந்து நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷமாக வருஷத்துக்கு இரண்டு முறை எங்கள் கம்பெனியிலிருந்து யாராவது இந்த ஊருக்கு வருகிறோம். ஆபீசும் ஹோட்டலும் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். நானே அது மூன்றாவது தடவை. மேனேஜருக்குப் போன் செய்து, இன்று வர முடியாது, நாளை காலை எட்டு மணிக்கு வருகிறேன் என்றேன். உன் முதலாளியிடம் பேசிக்கொள்கிறேன் என்று போனை வைத்தார். கதவு மூடுவதற்குள் பஸ்ஸில் தாவினேன்.

"மீட்டிங்கு?" என்றார் அக்கா.

"ரிஜெக்ட்" என்றேன்.

படகில் பாதிப் பேர் வாந்தி. அக்கா உப்பு நார்த்தங்காயை எடுத்து ஐரோப்பா முழுமைக்கும் விநியோகித்தார். இரண்டு ஜெர்மன் இளைஞர்கள் அதை வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, பிறகு இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார்கள்.

தீவில் ஒரு குதிரைவண்டிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். அறுபது வயதிருக்கும். குதிரையோடு ஐரிஷ் மொழியிலும் எங்களோடு ஆங்கிலத்திலும் பேசினார். அக்கா இருவரோடும் கொங்குத் தமிழில் பேசினார். காங்கேயம் காளையைப் பார்த்தால் இந்தக் குதிரை வெட்கப்படும் என்று சொல்லி, அதை மொழிபெயர்க்கச் சொல்லி அடம்பிடித்தார். குதிரைக்குச் சுமாரான மரியாதையோடு மொழிபெயர்த்தேன்.

வழியெல்லாம் கல். சிமென்ட் இல்லாமல் அடுக்கிய கல் சுவர்கள், அவற்றுக்கு நடுவே கைக்குட்டை அளவு வயல்கள். "மண்ணு எங்கிருந்து வந்துச்சு? பூரா பாறையா இருக்குதே" என்று அக்கா கேட்டார். மண் இல்லை, எங்கள் முன்னோர்கள் கடற்கரை மணலையும் கடற்பாசியையும் முதுகில் சுமந்து வந்து பாறை மேல் பரப்பி மண் உண்டாக்கினார்கள் என்றார் வண்டிக்காரர்.

அக்கா வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி, சுவருக்கு மேலே எக்கி, ஒரு பிடி மண்ணை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். "உண்டு பண்ணுனாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். "என்ர தம்பி இருந்த வெள்ளாமக் காட்டயே வித்துப்போட்டான் கண்ணு." பிறகு அந்த வண்டிக்காரரின் கம்பளிச் சட்டைக் கையைப் பிடித்துக் கிள்ளினார். கையால் பின்னியது, கயிறு கயிறாக முறுக்கு ஓடியது. நான் காத்திருந்தேன்.

"எவ்வளவுக்கா?"

"தெரியல கண்ணு" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்று ஒரு முறைதான்.

டி-ஷர்ட்டில் இருந்த கல் கோட்டை ஒரு குன்றின் உச்சியில் இருக்கிறது. அதன் மறுபக்கம் முன்னூறு அடிக்குச் செங்குத்துப் பாறை. கீழே அட்லாண்டிக். வேலி, கம்பி எதுவும் கிடையாது. ஏறும் இடத்தில் இருந்த ஓர் ஊழியர் எங்களை நிறுத்தினார்.

"என்ன சொல்றாரு?"

"இன்னைக்குக் காத்து சாஸ்தியாம். வயசான பொம்பளைங்க மேல போவ வேண்டாம்னு சொல்லுதாருக்கா."

அக்கா முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தார். "வயசான பொம்பள எங்க?" என்றார். நடந்தார்.

மேலே போனதும் எல்லோரும் குப்புறப் படுத்து ஊர்ந்துபோய் விளிம்பில் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார்கள். அக்காவும் படுத்தார். சேலையோடு, ஜீன்ஸோடு, கழுத்தில் சீட்டோடு ஊர்ந்தார். நான் அவர் கால் இரண்டையும் பிடித்துக்கொண்டேன். நார்த்தங்காய் தின்ற ஜெர்மன்காரர்கள் என் காலைப் பிடித்துக்கொண்டார்கள். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பயந்துவிட்டாரோ என்று நினைத்தேன். அப்போது அக்கா கத்தினார்.

கத்தியது தன் பெயரை. இனிஷியலோடு, முழுப் பெயரை. ஆறு வருஷம் கூட வேலை பார்த்த எனக்கே அந்தப் பெயர் விசா விண்ணப்பத்தை நிரப்பியபோதுதான் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன். அவர் கடலிடம்தான் சொன்னார், உங்களிடம் இல்லை. மூன்று தடவை கத்திவிட்டு, பின்னால் ஊர்ந்து வந்து எழுந்து, முந்தானையை உதறினார். "ஓகே" என்றார். கண்ணெல்லாம் ஈரம். காற்று என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

படகுத்துறைக்குத் திரும்பியபோது முதலாளி போனில் வந்தார். "எங்கம்மா இருக்கற?"

"அரன் தீவுல சார்."

"மீட்டிங்குக்குப் போவலயா? ஒடம்பு சரியில்லயா?" நல்ல மனிதர், பொய்யை அவரே எடுத்துக் கொடுத்தார். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல சார். ஊர் பாக்க வந்தோம்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு மேனேஜரைப் பார்த்தேன். முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் ஆர்டர் கொடுத்தார். அது முதலாளிக்குப் போதவில்லை. திருப்பூர் வந்ததும் என்னை மெர்ச்சண்டைசிங்கிலிருந்து தூக்கி, பாலித்தீன் பைகள் அடுக்கும் ஸ்டோரில் உட்கார வைத்தார். ஜன்னல் இல்லாத அறை. அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரத்தில் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அக்கா உள்ளே வந்தார்.

முதலாளி பின்னாலேயே வந்தார். "ஏனுங்க்கா, நீங்க எதுக்குங்க இங்க?"

"அந்தப் புள்ளையக் கெடுத்தது நானுங்க. தண்டனை எனக்கும் சேத்தித்தானுங்க."

"செக்கிங் யாருங்க பாக்கறது?"

"தெராசு இருக்குதுங்களே, மொதலாளி."

முதல் நாள் முதலாளி சிரித்தார். இரண்டாம் நாள் சூப்பர்வைசரை அனுப்பினார். மூன்றாம் நாள் செக்கிங் டேபிளில் துணி மலை மாதிரி குவிந்தது. எதை விடுவது எதைக் கழிப்பது என்று ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அக்கா அசையாமல் உட்கார்ந்து, பாலித்தீன் பையைக் கிள்ளிப் பார்த்து, மெல்லிசு என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் லாரி வந்து கேட்டில் நின்றது. முதலாளி ஸ்டோர் வாசலில் நின்று, யாரையும் பார்க்காமல், "ரெண்டு பேரும் அவங்கவங்க எடத்துக்குப் போங்க" என்றார்.

நான் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அக்கா குன்னத்தூருக்குப் போய்விட்டார். போன மாதம் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று என் வீட்டுக்கு வந்தார். வந்ததும் திரைச்சீலையைக் கிள்ளி என் ரசனையைக் கழித்துப் போட்டார். என் மாமியாரோடு சண்டை போட்டார், மறுநாள் இருவரும் மெரினாவுக்குப் போனார்கள். மூன்றாம் நாள் ஊருக்குப் பஸ் டிக்கெட் எடுத்துத் தரச் சொன்னார். கூட்டம் அதிகம், கிடைக்கவில்லை என்றேன். அதற்கு மறுநாளும் அப்படியே சொன்னேன். பதினோரு நாள் இருந்துவிட்டுப் போனார். நான் ஒரு நாள்கூட டிக்கெட் தேடவே இல்லை.